90 பார் இருந்தும் காற்று வரவில்லை: பழி சுமத்தாமல் ஒரு டைவ் விபத்தைப் பிரித்துப் பார்ப்போம்

#1 திசைகாட்டி

கீழே இருப்பது உண்மையில் நடந்த ஒரு விபத்தின் அறிக்கை அல்ல. அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளைத் தைத்துப் பயிற்சிக்காகச் செய்தது. இரண்டு டைவர்களை அவரவர் துடுப்பு நிறத்தை வைத்துப் பச்சை, மஞ்சள் என்று அழைப்போம்.

இருவரிடமும் 12 லிட்டர் சிலிண்டர், 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) காற்று. 5 மி.மீ. வெட்சூட். பச்சையின் இடுப்பில் 10 கிலோ எடை. ஆழம் 26 மீட்டர். 18ஆம் நிமிடம், நீரோட்டத்தை எதிர்த்துக் கொஞ்ச நேரம் நீந்திய பிறகு, பச்சை 'காற்று இல்லை' என்று சைகை காட்டுகிறார். மஞ்சள் அவருடைய கேஜை (சிலிண்டரில் மிச்சமுள்ள அழுத்தத்தைக் காட்டும் மானி) பிடித்துப் பார்க்கிறார்: 90 பார். மஞ்சளிடம் 70. 'ஓகே' என்று சைகை காட்டிவிட்டுத் திரும்புகிறார். சில நொடிகளில் பச்சை வேகமாக மேலே போகிறார். மேற்பரப்பில் கையை ஆட்டுகிறார், மாஸ்க்கைக் கழற்றுகிறார், மறுபடி அமிழ்கிறார். படகிலிருந்து குதித்துத் தூக்கியபோது நினைவில்லை. எடைப்பட்டை இடுப்பிலேயே இருந்தது. ஏற்றியதும் யாரோ சிலிண்டர் வால்வை மூடிவிட்டார்கள். அதே செட்டை, அதாவது சிலிண்டரையும் மூச்சிழுக்கும் ரெகுலேட்டரையும், படகில் திறந்து மூச்சிழுத்துப் பார்த்தபோது நன்றாக வேலை செய்தது.

அறிக்கையில் ஒரே வரி: "போதிய காற்று இருந்தும் டைவர் பதற்றமடைந்து மேலெழுந்தார்."

இந்த வரியை அழித்துவிட்டு வேறு எழுத வேண்டும், அதுதான் இந்த இழையின் வேலை. ஒரே நிபந்தனை: "செய்திருக்க வேண்டும்", "செய்யாமல் விட்டார்" என்று முடியும் வாக்கியங்கள் வேண்டாம். அந்த நொடியில் அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது, கையில் என்ன இருந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

#2 அலைவரிசை

நிபந்தனை எல்லாம் சரிங்க. ஆனா 90 பார் இருக்கு, கேஜ் கண்ணு முன்னாடி இருக்கு, பக்கத்துல ஆள் இருக்கார். இதுக்குப் பேரு பதற்றம் இல்லாம வேற என்ன? ரெகுலேட்டர் படகுல வேலை செஞ்சிருக்கே!

#3 முதல்நிலை

படகில் வேலை செய்ததுதான் எனக்கு முதல் துப்பு.

சிலிண்டர் வால்வு கால் சுற்று மட்டும் திறந்திருந்தால் இந்தக் கதை முழுக்க அப்படியே வரும். கேஜ் இருப்பது ரெகுலேட்டரின் முதல் நிலையில் (சிலிண்டரில் பொருத்தி அழுத்தத்தைக் குறைக்கும் பகுதி), அதாவது வால்வுக்கு அப்பால். மூச்சு இழுக்காதபோது அந்தப் பக்கமும் மெல்ல நிரம்பிச் சிலிண்டர் அழுத்தத்துக்கே வந்துவிடும். அப்போது கேஜ் 90 என்று உண்மையைத்தான் காட்டும். மூச்சு இழுக்கும்போது முள் சரேலென்று விழும், விட்டதும் ஏறும். மஞ்சள் கேஜைப் பார்த்தது எந்த நொடியில்? மூச்சு கிடைக்காத ஒருவர் இழுப்பை நிறுத்தியிருந்த நொடியாக இருந்தால் முள் அசையாமல் 90இல் நின்றிருக்கும்.

வால்வு ஏன் கால் சுற்றில் நிற்கிறது? "முழுக்கத் திற, பிறகு கால் சுற்று திருப்பு" என்று நெடுங்காலம் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது இரண்டு பேர் தொட்டால் என்னாகும்? டைவர் சரியாகத் திறந்து வைத்திருக்கிறார். குதிக்கும் முன் உதவியாளர் பின்னாலிருந்து ஒருமுறை சரிபார்க்கிறார். திறப்பதாக நினைத்து வலப்பக்கம் திருப்புகிறார், அது நிற்கும்வரை போகிறது, அதாவது முழுக்க மூடுகிறது. பிறகு பழக்கப்படி கால் சுற்று பின்னால் எடுக்கிறார். ஆக, கற்ற முறையைப் பிசகாமல் செய்தே வால்வைக் கிட்டத்தட்ட மூடிவிட்டார்.

இதே அறிகுறியைத் தரும் இன்னொன்றும் உண்டு. முதல் நிலையின் நுழைவாயில் வடிகட்டி அடைத்துக்கொள்வது. எஃகு சிலிண்டருக்குள் துரு இருந்தால் வடிகட்டி செம்பழுப்பாகும். இது பின்னால் கழற்றிப் பார்த்தாலும் தெரியும், வால்வு நிலை தெரியாது.

#4 புதுத்துடுப்பு

ஒரு சந்தேகம். கால் சுற்று என்றால் முதல் மூச்சிலேயே தெரிந்திருக்காதா? 17 நிமிடம் எப்படி ஓடியது?

#5 முதல்நிலை

நல்ல கேள்வி. இரண்டு கணக்கு எதிரெதிராக ஓடுகிறது.

தேவை: 26 மீட்டரில் சுற்றழுத்தம் 3.6 பார். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு அங்கே 72 லிட்டர் வேண்டும். நீரோட்டத்தில் மூச்சு 40 லிட்டராக ஏறினால் 144 லிட்டர். இது சராசரிதான், இழுப்பின் உச்சத்தில் ஏறத்தாழ இதன் மூன்று மடங்கு வேகத்தில் காற்று பாய வேண்டும்.

வரத்து: குறுகிய இடுக்கு வழியே எவ்வளவு காற்று போகும் என்பது பின்னாலிருந்து தள்ளும் அழுத்தத்தைப் பொறுத்தது. 200 பாரில் போனதில் பாதிகூட 90 பாரில் போகாது.

ஆக, தொடக்கத்தில் வரத்து தாராளம், தேவை குறைவு. 18ஆம் நிமிடத்தில் வரத்து பாதிக்கும் கீழே, தேவை இரட்டிப்பு. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.

மேலே ஏற ஏறத் தேவை குறையும், அதனால் 10 மீட்டருக்குள் ரெகுலேட்டர் மறுபடி ஓரளவு கொடுக்கத் தொடங்கியிருக்கும். படகில் மூச்சிழுத்தால் கேட்கவே வேண்டாம். போதாததற்கு, சோதித்தவர் வால்வை முழுக்கத் திறந்து சோதித்திருப்பார். வெட்டவெளியில் உதட்டில் வைத்து இழுத்துப் பார்ப்பதைச் சோதனை என்று அறிக்கையில் எழுதுவதே எனக்கு உடன்பாடில்லை.

#6 அலைவரிசை

சரி, வால்வுன்னே வெச்சுக்குவோம். தன்னோட வால்வைத் தானே பாக்குறது டைவரோட கடமை. அது பாடப் புத்தகத்துலயே இருக்கு. அதைச் சொல்றதும் பழியா?

#7 கரைவிளக்கு

கடமையைச் சொல்வது பழி இல்லை. ஆனால் அதைச் சொன்னதும் விசாரணை நின்றுவிடுகிறது, அதுதான் சிக்கல்.

"வால்வைப் பார்க்கவில்லை" என்று முடித்தால் பரிந்துரை என்னவாக வரும்? "வால்வைப் பார்க்கவும்." அது ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறது, நீங்களே சொன்னது. இருந்தும் நடந்தது. அப்படியானால் அந்தப் பரிந்துரையால் அடுத்த டைவரின் நிலை ஒரு மயிரிழைகூட மாறாது.

வேறு கேள்விகள் போடுங்கள். கடைசியாக வால்வைத் தொட்டது யார், சோதனைக்கு முன்பா பின்பா? பச்சை தன் செட்டைச் சரிபார்த்த பிறகு உதவியாளர் தொட்டிருந்தால், பச்சையைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது. உதவியாளரைப் பொறுத்தவரை அவர் ஒரு உதவி செய்தார். இருவருடைய மனதிலும் வால்வு திறந்தே இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குமிழின் நிலையைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பது பொருளின் வடிவமைப்பு. படகில் 'சீக்கிரம், நீரோட்டம் கூடுகிறது' என்ற குரல் இருந்ததா? அன்று எத்தனை பேருக்கு அவர் வால்வு பார்த்தார்?

இவற்றுக்குப் பதில் கிடைத்தால் பரிந்துரைகள் வேறு மாதிரி வரும். ஒன்று, கால் சுற்று திருப்பும் பழக்கத்தைக் கைவிடுவது: வால்வு முழுக்கத் திறந்திருக்கும் அல்லது முழுக்க மூடியிருக்கும், நடுவில் நிலையே இல்லை. இரண்டு, அடுத்தவர் வால்வைச் சொல்லாமல் தொடுவதில்லை. மூன்று, கடைசித் தொடுகைக்குப் பிறகு கேஜைப் பார்த்துக்கொண்டே மூன்று நான்கு முழு மூச்சு, முள் அசைந்தால் இறங்குவதில்லை. இதில் எதற்கும் யாரும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை.

முடிவு தெரிந்த பிறகு பின்னோக்கிப் பார்த்தால் எல்லாத் திருப்பமும் பளிச்சென்று தெரியும். மஞ்சள் 'ஓகே' காட்டியதைப் படித்ததும் எல்லோருக்கும் கோபம் வந்திருக்கும். ஆனால் அவர் கையில் இருந்த ஒரே அளவீடு 90 என்றது. கேஜை நம்பச் சொல்லித்தானே பயிற்சி கொடுக்கிறோம்? இதே செயல் நூறு டைவில் பிரச்சினையில்லாமல் முடிந்தால் அதற்கு 'நிதானமான ஜோடி' என்று பேர் வைப்போம்.

மஞ்சளுக்கான மாற்றமும் அங்கேதான் இருக்கிறது: சைகைக்கும் கேஜுக்கும் முரண் வந்தால் சைகையே வெல்லும். முதலில் ஆக்டோபஸை (ஜோடிக்குக் கொடுக்க வைத்திருக்கும் கூடுதல் மூச்சு வாய்) கொடு, பிறகு கேஜைப் பார். இதைப் பயிற்சியில் வெளிப்படையாகச் சொல்பவர்கள் குறைவு.

#8 உப்புக்காற்று

மருத்துவப் பக்கத்திலிருந்து கொஞ்சம். வால்வு கதை அழகாகப் பொருந்துகிறது, அதனாலேயே அதில் சீக்கிரம் சிக்கிக்கொள்ள வேண்டாம். வேறு இரண்டு ஊகங்களையும் மேசையில் வையுங்கள்.

முதலாவது, நீரில் மூழ்கியிருக்கும்போதே நுரையீரலில் நீர் கோப்பது. உடல் நீரில் இருக்கும்போது கைகால் ரத்தம் மார்புப் பக்கம் தள்ளப்படுகிறது. குளிர், இறுக்கமான சூட், கடும் உழைப்பு, உயர் ரத்த அழுத்தம் சேர்ந்தால் நுண்குழாய்களிலிருந்து திரவம் காற்றறைகளுக்குள் கசியும். உழைப்புக்குப் பொருந்தாத மூச்சுத்திணறல், இருமல், நுரைத்த சளி, சில வேளை ரத்தம் கலந்தது. டைவருக்கோ 'ரெகுலேட்டர் காற்று கொடுக்கவில்லை' என்றே தோன்றும். காற்று வந்துகொண்டுதான் இருக்கும், நுரையீரல் எடுத்துக்கொள்ளாது. 90 பார் இருந்து 'காற்று இல்லை' என்று சைகை காட்டுவதற்கு இதுவும் கச்சிதமான விளக்கம். இதில் ஒரு கொக்கி: இழுப்பதற்குக் கடினமான ரெகுலேட்டரும் இதைத் தூண்டும். வால்வும் நுரையீரலும் ஒன்றையொன்று தள்ளிவிட்டிருக்கலாம். பிணப் பரிசோதனையில் இதையும் நீரில் மூழ்கிய சாவையும் பிரிப்பது கடினம், அதனால் கூட இருந்தவர்கள் 'இருமினார்' என்று சொல்வது பொன்னான தகவல்.

இரண்டாவது, வேகமாக மேலேறியதில் நுரையீரல் கிழிந்து காற்றுக்குமிழ் மூளைக்குப் போவது. மேற்பரப்புக்கு வந்து சில நிமிடங்களுக்குள் நினைவிழப்பு என்றால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும். அப்படியானால் "மிதக்க ஏன் எடைப்பட்டையைக் கழற்றவில்லை" என்ற கேள்வியே பொருளற்றது. நினைவில்லாதவர் எதையும் கழற்ற முடியாது.

முதலுதவியில் ஒரு வேறுபாடு: குமிழ் சந்தேகம் என்றால் மல்லாந்து படுக்கவைத்து 100 சதவீத ஆக்சிஜன். நினைவோடு மூச்சுத்திணறி நுரை தள்ளுபவரைக் கட்டாயப்படுத்திப் படுக்கவைக்காதீர்கள், நிமிர்ந்து உட்கார்ந்தபடி ஆக்சிஜன் கொடுங்கள். யாரையும் 'சரிசெய்ய' மறுபடி தண்ணீருக்குள் இறக்க வேண்டாம்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பு 2008இல் 947 பொழுதுபோக்கு டைவ் மரணங்களை அலசியபோது ஒரு சாவை நான்கு படியாகப் பிரித்தார்கள்: தூண்டுதல், செயலிழக்க வைத்த நிகழ்வு, செயலிழக்க வைத்த காயம், இறப்புக் காரணம். சான்றிதழில் 'நீரில் மூழ்கி' என்று இருப்பது கடைசிப் படி மட்டும். தூண்டுதல் தெரிந்தவற்றில் 41 சதவீதத்தில் காற்றுப் பற்றாக்குறை, 20 சதவீதத்தில் எங்காவது சிக்கிக்கொள்வது, 15 சதவீதத்தில் கருவிச் சிக்கல். அடுத்த படியில் முன்னிலை வகிப்பது அவசர மேலேற்றம், 55 சதவீதம். நம் பயிற்சிக் கதையில் பதற்றம் எந்தப் படி? எதுவும் இல்லை. மூச்சு கிடைக்காத உடம்பு செய்யும் வேலைக்கு நாம் வைத்த பேர் அது.

#9 பத்துபார்

மஞ்சளிடம் 70 பார் என்று திசைகாட்டி போகிற போக்கில் எழுதியிருக்கிறார், யாரும் கவனிக்கவில்லை. மஞ்சள் உடனே ஆக்டோபஸ் கொடுத்திருந்தாலும் போதுமா?

இருவர், இருவரும் மன அழுத்தத்தில், ஆளுக்கு 30 லிட்டர், மொத்தம் நிமிடத்துக்கு 60.

26 மீட்டரில் நிலைமையைச் சரிக்கட்ட 1 நிமிடம்: 60 × 3.6 = 216 லிட்டர்.
5 மீட்டர் வரை ஏற இரண்டரை நிமிடம், சராசரி 2.55 பார்: சுமார் 383.
5 மீட்டரில் 3 நிமிட சேஃப்டி ஸ்டாப் (பாதுகாப்புக்காக நின்று போவது): 60 × 1.5 × 3 = 270.
அங்கிருந்து மேற்பரப்புக்கு 1 நிமிடம்: 75.

கூட்டினால் 944 லிட்டர், 12ஆல் வகுத்தால் ஏறத்தாழ 79 பார். கேஜ் பிழையும், கடைசிப் பத்து பாரில் ரெகுலேட்டர் தடுமாறுவதையும் சேர்த்தால் 90 வைத்துக்கொள்வது நல்லது. 70 போதாது. ஸ்டாப்பை விட்டால் 674 லிட்டர், 56 பார், வந்துசேரலாம். நிறுத்தக் கட்டாயம் இல்லாத டைவில் முதலில் கைவிட வேண்டியது அந்த ஸ்டாப்தான்.

"50 பாரோடு படகில் இரு" என்ற விதி எங்கிருந்து மேலே கிளம்ப வேண்டும் என்று சொல்வதே இல்லை. முடிவை மட்டும் சொல்கிறது. 50 பார் என்றால் 600 லிட்டர். 26 மீட்டரில் 50 பார் வரும்வரை காத்திருந்தால் இருவருக்குத் தேவையான காற்று அங்கேயே இல்லை. விளக்கவுரையில் 'இந்த ஆழத்தில் 90 ஆனால் திரும்புவோம்' என்று ஒரு எண் சொல்லப்பட்டதா, இல்லையா? அறிக்கையில் இந்த வரி இருக்க வேண்டும்.

#10 நடுமிதவை

எடை பற்றி இரண்டு வரி. 10 கிலோ கூடுதலா இல்லையா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. 50 பார் சிலிண்டர், பிசிடி (காற்றடைத்து மிதப்பைக் கூட்டும் அங்கி) காலி, சாதாரண மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் நீர்மட்டம் கண்ணளவில் இருக்க வேண்டும். அந்த எடை சரி. 12 லிட்டரில் 200இலிருந்து 50 வரை குறைந்தால் 1800 லிட்டர் காற்று, சுமார் 2.2 கிலோ இலேசாகிறோம். அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு கிலோவும் பிசிடியில் ஒரு லிட்டர் காற்றைக் கூடக் கேட்கும். பச்சை மேலேறும்போது பயிற்சிப்படி பிசிடியிலிருந்து காற்றை விட்டுக்கொண்டே வந்திருந்தால் மேற்பரப்பில் பிசிடி காலியாகத்தான் இருக்கும். கடன் வாங்கிய சூட்டா, வேறு சிலிண்டரா, கடைசியாக எப்போது எடை சோதித்தார் என்று கேட்டால் போதும்.

#11 புதுத்துடுப்பு

அப்படியானால் வால்வா, வடிகட்டியா, நுரையீரலா என்று எப்படித்தான் பிரிப்பது?

#12 முதல்நிலை

இந்தக் கதையில் முடியாது. வால்வை மூடியவர் சுற்றை எண்ணவில்லை. அவரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் கையில் யாரும் எந்த அட்டையும் கொடுக்கவில்லை. படகில் ஒட்டிவைக்க வேண்டியது இதுதான்:

ஆளைக் காப்பாற்றும் வேலை முடியும்வரை கருவியை மறந்துவிடு. பிறகு தொடுவதற்கு முன் நாலா பக்கமும் படம் எடு. கேஜ் காட்டும் அழுத்தத்தைக் குறி. வால்வை மூடும்போது முழுச்சுற்று, அரை, கால் என்று எண்ணி எழுது, எவ்வளவு திருப்பினால் நின்றது என்பதே தடயம். பர்ஜ் பட்டனை (ரெகுலேட்டரிலிருந்து காற்றை வெளியே தள்ளும் பொத்தான்) அழுத்தாதே, காற்றை வெளியேற்றாதே. உள்ளே இருக்கும் காற்றில் கார்பன் மோனாக்சைடு இருந்ததா என்று பார்க்க அது வேண்டும், கம்ப்ரசரின் உறிஞ்சுகுழாய் எஞ்சின் புகைக்குப் பக்கத்தில் இருந்தால் அதே சந்தேகம் வரும். நன்னீரில் கழுவாதே. எடைகளை எண்ணி, எந்தப் பையில் எத்தனை என்று எழுது. அவருடைய டைவ் கம்ப்யூட்டரை (ஆழத்தையும் நேரத்தையும் பதியும் கருவி) கட்டிக்கொண்டு வேறு யாரும் இறங்க வேண்டாம். ஜோடியின் செட்டுக்கும் இதே கவனிப்பு, ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.

கூட இருந்தவர்களைத் தனித்தனியாக, அன்றைக்கே எழுதச் சொல்லுங்கள். ஒன்றாக உட்கார்ந்து பேசிய பிறகு எல்லோருடைய நினைவும் ஒரே கதையாகிவிடும்.

#13 அலைவரிசை

வால்வு விஷயத்துல நான் இறங்கி வர்றேன். ஆனா ஒரு எல்லை வேணுமில்ல? தெரிஞ்சே காலாவதியான சிலிண்டரை நிரப்பிக் குடுக்குறவன், ராத்திரி காவல் போடாத படகு, இவங்களையும் 'அமைப்பு'ன்னு சொல்லி விட்டுடுவீங்களா?

#14 கரைவிளக்கு

விடச் சொல்லவில்லை. தவறு, பழகிப்போன குறுக்குவழி, தெரிந்தே எடுத்த ஆபத்து, மூன்றும் வேறு. மூன்றாவதற்குத் தண்டனை உண்டு. ஆனால் தண்டிக்கும் மேசையும் கற்கும் மேசையும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவில் 'கன்செப்ஷன்' டைவ் படகு எரிந்து 34 பேர் இறந்தார்கள். இரவு ரோந்து இல்லை. கேப்டன் மீது குற்ற வழக்கு நடந்து தண்டனையும் வந்தது. அது ஒரு மேசை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் என்டிஎஸ்பி தனியே விசாரித்தது. நிறுவனத்தின் மேற்பார்வைக் குறையை அது முதலில் வைத்தது, ஆனால் அதோடு நிற்கவில்லை. தூங்கும் தளத்திலிருந்து வெளியேறும் இரண்டு வழியும் மேலே ஒரே கூடத்தில்தான் திறந்தன, தீ அங்கேதான் இருந்தது. தங்குமிடங்கள் எல்லாவற்றிலும் புகையறிவான் வைக்க அப்போது விதியே இல்லை. கேப்டனோடு முடித்திருந்தால் இந்த இரண்டும் அடுத்த படகில் அப்படியே இருந்திருக்கும். அந்த வாரியத்தின் அறிக்கையை இழப்பீட்டு வழக்கில் சான்றாகப் பயன்படுத்தச் சட்டம் இடம் கொடுப்பதில்லை என்பதும் கவனிக்க வேண்டியது.

விமானத் துறையில் 1976 முதல் நாசா நடத்தும் பாதுகாப்புத் தகவல் அமைப்பும் அப்படியே: எழுதியவரின் அடையாளத்தை நீக்கிவிட்டுத்தான் தகவலை வைத்துக்கொள்கிறார்கள். டைவிங்கிலேயே முன்னுதாரணம் உண்டு. 1970களில் குகை டைவர் ஷெக் எக்ஸ்லி சாவுகளை வரிசையாக வைத்து, எவையெல்லாம் பொதுவாக இருந்தன என்று தேடினார். வெளியே வரை அறுபடாத வழிகாட்டிக் கயிறு, மூன்றில் இரண்டு பங்கு காற்றைத் திரும்புவதற்கு ஒதுக்குதல், ஆழ வரம்பு என்ற விதிகள் அந்தப் பட்டியலிலிருந்து வந்தவை. இறந்தவர்களுக்கு மதிப்பெண் போட்டிருந்தால் ஒன்றுகூட வந்திருக்காது.

#15 பத்துபார்

சரிபார்ப்புப் பட்டியல் வெறும் காகிதம் என்று யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன். டைவர்களைக் குழுவாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் டைவுக்கு முந்தைய பட்டியல் கொடுத்து நடத்திய ஆய்வில், பட்டியல் பெற்றவர்களிடம் பெரிய சறுக்கல்கள் 36 சதவீதம் குறைந்தன. மனப்பாடமாகச் சொல்வது வேறு, கையில் பிடித்து வாய்விட்டுப் படித்து ஜோடி பதில் சொல்வது வேறு.

#16 மட்டுறுத்துனர்

நடப்பு விபத்து எதையும் இந்த இழையில் பெயரோடு கொண்டுவர வேண்டாம். குடும்பத்தார் படிப்பார்கள். வழக்கில் உள்ள சம்பவம் என்றால் சட்ட ஆலோசனை பெற்ற பிறகே எழுதுங்கள், ஊர், தேதி, கடை, படகு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு.

#17 புதுத்துடுப்பு

கடைசியாக ஒன்று. கம்ப்யூட்டர் பதிவில் முள் ஆடியது தெரியாதா?

#18 முதல்நிலை

குழாய் வழி சாதாரண கேஜ் என்றால் எதுவும் பதிவாகாது. கம்பியில்லா டிரான்ஸ்மிட்டர் இருந்தாலும் பல கம்ப்யூட்டர்கள் சில நொடிகளுக்கு ஒருமுறைதான் எழுதி வைக்கும், ஒரு மூச்சின் சரிவு இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தொலைந்துபோகலாம். ஆனால் மேலேறிய வேகம் கிடைக்கும், 18ஆம் நிமிடத்துக்கு முன் ஆழம் ஏறி இறங்கியதா என்பது கிடைக்கும். கம்ப்யூட்டரின் செட்டிங்கில் பதிவு இடைவெளியை மிகக் குறைவாக வையுங்கள். நினைவகம் நிரம்பினால் பல மாதிரிகளில் பழைய டைவ் அழிந்துவிடும், அதனால் வாரத்துக்கு ஒருமுறை இறக்கி வையுங்கள்.